மை ஏறுவதற்கு முன் ஒரு சுண்ணாம்புக் கோடு

நான் இன்ஜினீயர் அல்ல. இன்ஜினீயர் என்று சொல்லிக்கொண்டு யாரையும் ஏமாற்றியதும் இல்லை. ஓர் இன்ஜினீயரின் ஆபீசில், அவர் வரைந்த படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, அவருடைய கோட்டின் மேலேயே மையால் கோடு இழுக்கிற வேலையில்தான் சேர்ந்தேன். இழுக்க இழுக்க, இந்தக் கோடு ஏன் இங்கே வந்து திரும்புகிறது, இந்தச் சுவர் ஏன் இத்தனை கனம் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு அடுத்தவர் கோட்டின் மேல் ஊர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்க மனம் ஒப்பவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சிம்மக்கல்லில் ஒரு கயிற்றுக் கடையின் மாடியில் மேசையைப் போட்டுச் சொந்தமாக உட்கார்ந்துவிட்டேன். ஊர் எனக்குப் பிளான்காரர் என்று பெயர் வைத்தது.

பிளான் கொடுக்காமல் கல் வைக்கக் கூடாது என்று முனிசிபாலிட்டியில் கெடுபிடி கூடியிருந்த காலம். வரைபடங்களைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் போவேன். சிம்மக்கல் முனையில் கீரை விற்கிற அம்மாள் ஒருத்தி பக்கத்துக் கூடைக்காரியிடம், "பாருடி, ஊரான் வீட்டையெல்லாம் சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டுப் போறாரு" என்றாள். என் தொழிலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக இன்று வரை யாரும் சொல்லவில்லை. ஜனங்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு அப்படி ஓர் ஆசை. காது கொடுத்தால் போதும், காசு கேட்காமல் அள்ளிக் கொட்டுவார்கள்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. பிளான் என்பது எல்லோரும் தலையாட்டுகிற பொருள். யாருக்கும் அது புரியாது. புரியவில்லை என்று சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, "பேஷ், பேஷ்" என்று ஆட்டிவிட்டுப் போவார்கள். சுவர் எழும்பிய பிறகுதான் "ஐயய்யோ, அடுப்படி இம்புட்டுதானா?" என்று அலறுவார்கள். புரியவில்லை என்று நேராகச் சொன்ன ஒரே மனிதர் என் கீழ்க்கடை கயிற்றுக்கார பாய்தான். அவர் வீட்டுக்கு நான் வரைந்த படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கூரையக் காணோம்?"

"மேலேயிருந்து பாக்குற மாதிரி வரைஞ்சது பாய்."

"மேலேயிருந்து பாக்குறதுக்கு நான் என்ன பருந்தா? மௌத்தான பொறவு அல்லா மேல கூப்பிட்டா அப்பப் பாத்துக்கிறேன். இப்போதைக்கு உள்ள நின்னு பாக்குற மாதிரி ஒண்ணு குடு."

இரண்டு நாள் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. உள்ளே நின்று பார்க்கிற மாதிரி எப்படிக் கொடுப்பது? எனக்குப் பழக்கமான கொத்தனார் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எந்த உறவும் இல்லாமலே என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அவரைக் கூட்டிக்கொண்டு பாயின் காலி மனைக்குப் போனேன். சிரட்டையில் ஓட்டை போட்டுச் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, பிளானில் இருந்தபடியே தரையில் கோடு போட்டோம். முழு அளவு. வாசல், ஹால், அறை, அடுப்படி, கொல்லை எல்லாம். பிறகு பாயைக் கூப்பிட்டு, "இனி இது சுவரு. சுவருக்குள்ள புகுந்து வரப்படாது. வாசல் வழியா வாங்க, ஒரு பொழுது குடியிருந்து பாருங்க" என்றேன். வந்தார். வெற்றுத் தரையில் ஹாலில் உட்கார்ந்தார், படுத்தார், தொழுகைக்கு நின்று பார்த்தார், கை கழுவப் போனார். திரும்பி வந்து, "அறைய ஒரு முழம் தள்ளு, இது பத்தாது" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் தொழிலுக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: பென்சிலில் எத்தனை முறை வேண்டுமானாலும் வரைவேன், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வீட்டுக்காரர்கள் அதற்குள் ஒரு பொழுது புழங்கிப் பார்க்காமல் டிரேசிங் துணியில் மை ஏற்ற மாட்டேன்.

இதனால் கேட்ட பேச்சுகளைத் தொகுத்தால் தனிப் புத்தகம் ஆகும். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு குடியானவர் மனைவி சுண்ணாம்பு அறைக்குள் படுத்துப் பார்த்துவிட்டுப் புருஷனிடம், "நீ குட்டையா இருக்க, உனக்குக் காணும். நான் காலை நீட்டுனா அடுப்புக்குள்ள போகுது" என்றாள். அந்த ஆள் என்னைப் பார்த்து, "எழுதிக்கங்கண்ணே, வீடு அவ அளவுக்கு, கடன் என் அளவுக்கு" என்றார்.

இந்தக் கோட்டு வேலை வேடிக்கையாக இல்லாமல் போன ஒரு காலைப்பொழுதைத்தான் சொல்ல வந்தேன்.

நெசவுக்காரத் தெருவில் அண்ணன் தம்பி இருவர். குஜராத் பக்கமிருந்து எந்தக் காலத்திலோ வந்து மதுரைக்காரர்களாகிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் மொழி, வாசல் தாண்டினால் நம்மைப் போலவே மதுரைத் தமிழ். தகப்பனார் காலமாகி வருஷம் திரும்பியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு குடும்பமும் பெருத்துவிட்டது, இரண்டு அடுப்பு எரிகிறது, பிரித்துக்கொள்வோம் என்று முடிவு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஆளுக்கொரு நிறம் தீட்டிய பிளான் ஒன்று சேர்க்க வேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

போய் அளந்தேன். அந்தத் தெருவின் மற்ற வீடுகளைப் போலவே அகலம் கம்மி, நீளம் ரொம்ப. முன்பக்கம் பெரிய ஹால். அதில் தம்பியின் தறிகள். கால் தொங்கவிட்டு நெய்வதற்குத் தரையில் குழி வெட்டிய தறிகள். பின்பக்கம் திறந்த முற்றம், கிணறு, கிணற்றடியில் பெரிய அண்டாக்கள். அங்கே அண்ணன் சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுவார். தண்ணீர், வெயில், கழிவு ஓட ஒரு வாய்க்கால் மூன்றும் சாயத்துக்கு வேண்டும்; மூன்றும் அந்த முற்றத்தில்தான் இருந்தன. குறுக்கே ஒரு சுவர் வைத்தால் முன்பக்கம் தறிக்கு, பின்பக்கம் சாயத்துக்கு. இதைவிடச் சுளுவான பிரிவினை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஒன்றுதான் இடித்தது. பின்பக்கக்காரருக்குத் தெருவாசல் கிடையாது; குப்பை வண்டி போகிற பின்சந்து வழியாகத்தான் வர வேண்டும். "ஹாலின் ஓரமா ஒரு நடை ஒதுக்கிரலாமே" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"வேணாம் தம்பி. ஹாலைக் குறுக்கினா தறி நிக்காது. நான் சந்து வழியா வந்துட்டுப் போறேன். சாயக்காரன் எந்த வாசல்ல வாரான்னு எவன் பாக்கப் போறான்?"

அதாவது பின்பக்கத்தைத் தனக்கென்று மனத்தில் வைத்துத்தான் அவர் கோட்டைப் போடச் சொன்னார். ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாது. பெரியவன் பங்கை வெட்டினால் சின்னவன்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வெட்டியவன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தனக்கு வசதியாக வெட்டினான் என்று ஆகிவிடும்.

"அவன் முன்பக்கம்தான எடுப்பான்? தறி அங்கதான இருக்கு" என்றார் என்னிடம்.

"வேற எதை எடுக்கப் போறாரு?" என்றேன் நானும்.

மறுநாள் தம்பி என் மாடி ஏறி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"பிளான்காரரே, நான் பின்பக்கம் எடுத்துக்கிறேன். எழுதிக்கங்க."

பென்சில் என் கையில் நின்றுவிட்டது. "தறியெல்லாம் முன்னால இருக்கேங்க?"

"தறியத் தூக்கிட்டுப் போலாம். அண்ணன் அந்தஸ்தைத் தூக்கிட்டுப் போக முடியுமா? அப்பா நின்ன வாசல். மூத்தவரு குப்பைச் சந்துல வந்து போனா ஊரு என் மூஞ்சில காறித் துப்பாதா?"

"சரி, அவரு சாயம்?"

"அவருக்கே போதும்னு ஆயிருச்சுங்க. 'இந்தச் சாயத்தை விட்டுத் தொலைச்சாத்தான் எனக்கு நிம்மதி'ன்னு அவரு வாயாலேயே கேட்டிருக்கேன். முன்பக்கம் ஹால்ல ஒரு சேலைக் கடை போட்டு உக்காரட்டும், ராஜா மாதிரி."

சந்தோஷமாகச் சொல்லிவிட்டுச் சந்தோஷமாக இறங்கிப் போனார். பெரிய தியாகம் செய்துவிட்ட நடை அது.

அன்று சாயங்காலமே அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி வாய்விட்டு எடுத்தது எடுத்ததுதான், மாற்றக் கூடாது, மையைப் போட்டுவிடுங்கள் என்றார்.

"கிணறு இல்லாம, வெயிலு இல்லாம நீங்க எங்க வச்சு சாயம் போடுவீங்கண்ணே?"

"வேற ஒருத்தர் பட்டறையில கூலிக்குப் போறேன். கை இருக்கில்ல."

அவர் மனைவி அப்போது குறுக்கிட்டார். நெஞ்சு நிறைய வைத்திருந்ததை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "தனக்குன்னு ஒரு அண்டா வைக்க இவருக்குப் பதினேழு வருஷம் ஆச்சு, பிளான்காரத் தம்பி." அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் அந்த அம்மாள் நிறுத்திக்கொண்டார்.

நான் போய்த் தம்பியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "நீங்க சொன்னா நான் சொல்லி அனுப்புனதாத்தான் ஆகும் தம்பி. வேணாம். நான் வெட்டுனவன். எனக்குப் பேச்சு இல்ல."

யோசித்துப் பார்த்தால் இருவருமே பொல்லாத நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் அரை மணி நேரம் கத்திச் சண்டை போட்டு, அவரவருக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

என்னிடம் ஒரு வழி இருந்தது. வார்த்தை சொல்லத்தானே தடை? என் தொழிலைச் செய்யத் தடை இல்லையே. "மை போடுறேன். ஆனா கோடு போட்டுப் பாக்காம நான் மை போடுறதில்ல, ஊருக்கே தெரியும். வர்ற புதன்கிழமை காலையில வாரேன்" என்றேன்.

"கட்டுன வீட்டுக்கு எதுக்குத் தம்பி கோடு?"

"கட்டப் போற குறுக்குச் சுவருக்குண்ணே. கொத்தனாருக்கு எடம் தெரிய வேணாமா?"

புதன்கிழமை காலை கொத்தனாரும் நானும் போனோம். ஹால் முடிந்து முற்றம் தொடங்குகிற இடத்தில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் வெள்ளைக் கோடு ஒன்று போட்டேன். எல்லோரையும் கூப்பிட்டு என் வழக்கமான பாட்டைப் பாடினேன்: இது இனிமேல் சுவர், உச்சிவேளை வரை யாரும் தாண்டக் கூடாது, அவரவர் பங்கில் அவரவர் அன்றாட வேலையைப் பார்க்க வேண்டும், குறை இருந்தால் இப்போதே சொல்ல வேண்டும், சுவர் வந்த பிறகு சொன்னால் சுவர்தான் கேட்கும்.

அண்ணனும் அவர் மனைவியும் ஹால் பக்கம் நின்றார்கள். தம்பி உற்சாகமாகக் கோட்டைத் தாண்டி முற்றத்துக்குப் போய், தறிக்குழி எங்கே வெட்டலாம் என்று கொத்தனாரிடம் காட்டினார். கொத்தனார் கடப்பாரையால் இரண்டு குத்துக் குத்தினார். ஒரு முழம் போவதற்குள் மண் நசநசவென்று வந்தது. கிணற்றடி அல்லவா.

"இதுல காலைத் தொங்கப் போட்டு ஒக்காந்தா சேலை நெய்ய முடியாது மாப்ள," என்று கொத்தனார் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குக் குரல் கொடுத்தார், "மீனுதான் புடிக்கலாம்."

தம்பி சிரிக்கவில்லை. "அந்த மூலையில பாருங்க" என்றார். அந்த மூலையில் சாயக்கழிவு ஓடும் வாய்க்கால். மற்ற மூலையில் வெயில் நேராக இறங்கியது. பாவு நூலை அந்த வெயிலில் விரித்தால் முறுக்காகக் காய்ந்து பட்பட்டென்று அறுந்துபோகும் என்பது நெய்கிறவருக்குத் தெரியாதா? நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அண்டா.

நாங்கள் வருவதற்கு முன்பே, வழக்கப்படி, அண்ணன் விடியலில் அடுப்பை மூட்டிச் சிவப்புச் சாயத்தில் சேலைகளை இறக்கியிருந்தார். முடிச்சுப் போட்ட சேலைகள். பதம் பார்த்து எடுக்க வேண்டும். தாண்டிவிட்டால் நிறம் கறுத்துவிடும், முடிச்சுக்குள்ளும் சாயம் ஏறி, வெள்ளையாக நிற்க வேண்டிய புள்ளி நாசமாகும். அந்த அண்டா இப்போது கோட்டுக்கு அந்தப் பக்கம், தம்பியின் பங்கில், தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் கோட்டுக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தார். மூக்கு மட்டும் அசைந்தது. வாசனையிலேயே பதம் தெரிந்துவிடும் அவருக்கு.

தம்பிதான் முதலில் கேட்டார். "அண்ணே, சேலையை எடுக்கணும்போல இருக்கே?"

"உன் பக்கம். உன் இஷ்டம்."

"எனக்கு என்ன தெரியும் சாயத்தைப் பத்தி? வந்து எடுங்க."

"பிளான்காரரு தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து, "போய் எடுங்கண்ணே" என்று சொல்லியிருந்தால் அன்றைய சேலை தப்பியிருக்கும். அதற்கடுத்த நாளிலிருந்து எந்தச் சேலையும் இருந்திருக்காது. 

அண்ணனின் மனைவி கோட்டுக்கு மிக அருகில் வந்து நின்று, கையை நீட்டி, அவர்கள் மொழியில் பேசத் தொடங்கினார். எனக்கு அந்த மொழி தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கை ஒரு தடவை தம்பியைக் காட்டியது, ஒரு தடவை புருஷனைக் காட்டியது, ஒரு தடவை கிணற்றை, ஒரு தடவை தெருவாசலை, கடைசியாகத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டது. முடித்துவிட்டு, என்னையும் கொத்தனாரையும் பார்த்து, விருந்தாளிகளுக்கு மறுபடி பரிமாறுவது போல, அதையே தமிழிலும் ஒருமுறை திட்டினார்.

"வெட்டுனவருக்கு வாய் கிடையாது, எடுத்தவருக்குக் கண்ணு கிடையாது! இவரு கூலிக்குப் போவாராம், அவரு சேத்துல ஒக்காந்து நெய்வாராம். கேட்டா மரியாதையாம்! இந்த மரியாதையை எந்த அண்டாவுல போட்டு வேக வைக்க?"

தம்பி முகம் மாறிவிட்டது. "கூலிக்கா? யாரு?" என்றார். உடனே அண்ணனிடம் திரும்பினார். "நீங்கதான சாயத்தை விட்டாத்தான் நிம்மதின்னு சொன்னீங்க?"

"எரிச்சல்ல சொன்னேன்டா!" அண்ணன் குரல் உயர்ந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "கை வெந்துபோனா மனுஷன் என்ன சொல்லுவான்? நீ மட்டும் மாசம் ஒருவாட்டி 'தறியத் தூக்கி வைகையில போடுறேன்'னு குதிக்கிறியே, போட்டியா? தறி அங்கதான கெடக்கு!"

கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

தம்பி கோட்டருகே வந்து, வெறுங்காலால் ஒரு ஆள் நுழைகிற அகலத்துக்குச் சுண்ணாம்பைத் தேய்த்து அழித்தார். "இந்தா வாசல். வாங்க" என்றார். அண்ணன் ஓடினார். ஐம்பது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மூங்கில் கழியால் சேலைகளைத் தூக்கித் தொட்டித் தண்ணீரில் போட்டார். ஆவி அடங்கிய பிறகு ஒன்றைப் பிரித்து வெயிலில் பிடித்தார். சிவப்பு கொஞ்சம் கூடியிருந்தது, புள்ளிகள் பிழைத்துவிட்டன. இரண்டு சேலை மட்டும் கறுத்துப்போயின. அவற்றை அவர் மனைவி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இது எனக்கு" என்றார்.

பிறகு நாங்கள் எல்லோரும் கிணற்றடியிலேயே உட்கார்ந்தோம். இனி விஷயம் சுளுவு என்று நான் நினைத்தது தப்பு. தம்பி ஒரே பிடியாக நின்றார்: பின்பக்கம் அண்ணனுக்கு என்றால் சரி, ஆனால் அவர் குப்பைச் சந்தில் வரப் போவதில்லை. அண்ணன் ஒரே பிடியாக நின்றார்: ஹாலில் நடை வெட்டக் கூடாது, தறி நிற்காது.

"தறி நிக்கும்" என்றேன் நான். இங்கேதான் என் வேலை தொடங்கியது. "இப்ப தறியெல்லாம் தெருவைப் பாத்து நிக்குது. வலதுபக்கம் ரெண்டைத் திருப்பிச் சுவரைப் பாத்துப் போட்டா, இடதுபக்கம் ஒரு ஆள் அண்டாவைத் தூக்கிக்கிட்டுப் போற நடை கெடைக்கும். குழி ரெண்டை மூடி ரெண்டைப் புதுசா வெட்டணும். அம்புட்டுதான்."

"வாயால சொன்னா ஆச்சா?" என்றார் தம்பி. "கோடு போடுங்க."

போட்டேன். சிரட்டையில் சுண்ணாம்பு தீர்ந்து மறுபடி நிரப்பினோம். தம்பி தறி இருக்கப் போகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இல்லாத தறியில், ஊடு நூல் கோக்கிற இல்லாத நாடாவை இருபுறமும் வீசிப் பார்த்தார். முழங்கை கோட்டில் இடிக்கவில்லை. அண்ணன் ஒரு வெற்று அண்டாவை இடுப்பில் ஏந்திக்கொண்டு தெருவாசலிலிருந்து கிணறு வரை நடந்தார். போகும்போது தம்பி பக்கம் திரும்பி, "டேய், முழங்கைய உள்ள வையி, என் அண்டா இடிக்குது" என்றார். "உங்க அண்டாவை அந்தப் பக்கம் ஏந்துங்க, என் வீட்டுச் சுவத்துல உரசாதீங்க" என்றார் தம்பி. அண்ணன் தம்பி பழையபடி ஆகிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு நிச்சயமானது.

பிளானில் தெருவாசலும் நடையும் இரண்டு பேருக்கும் பொது என்று போட்டு, அதற்கு மட்டும் மஞ்சள் தீட்டுவதாகச் சொன்னேன். வழக்கம் வழக்கம்தானே, அண்ணன் புதுக் கோட்டின்படி பங்கை வெட்டியவராக வாயை மூடிக்கொண்டு நின்றார், தம்பி எடுக்கிறவராக எழுந்து நின்று, "முன்பக்கம்" என்று சத்தமாகச் சொன்னார். அந்தம்மாள் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டே, "இப்பவாச்சும் சொன்னாரே" என்றார்.

அந்த வாரமே மை ஏற்றினேன். நிறம் தீட்டுகிற அன்று அண்ணன் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். தம்பி பங்குக்குப் பச்சை, அவர் பங்குக்குச் சிவப்பு என்று கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்தேன். தூரிகையில் தொட்டுக் கிணற்றைச் சுற்றி முற்றத்தின் மேல் இழுத்தேன். பிளானுக்கு மெல்லிய நிறம்தான் தீட்டுவது. கோடு தெரிய வேண்டும் அல்லவா. அவர் குனிந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"இதுக்குப் பேரு சிவப்பா தம்பி? பத்து வருஷம் தொவைச்ச மாதிரி இருக்கு."

"கோடு தெரியணும்ணே."

"கோடு தெரிஞ்சா போதுமா? நாளைக்குச் சாயக்காரன் பங்குன்னு எவனாவது பாத்தா என்ன நெனைப்பான்?" கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, நிறம் அடியில் தங்கியிருக்க, மேலே நின்ற வெளிர்ச் சிவப்புத் தண்ணீரில் பாதியை ஜன்னல் வழியாகக் கொட்டினார். அதற்குப் பிறகுதான் கீழே கடைவாசலில் கயிற்றுக்கார பாய் நின்றிருந்தது எங்களுக்குத் தெரிந்தது.